வாத்தியார் பக்கம்: கடாரம் எங்கே இருக்கிறது?



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால், தோட்டத்து லயமானாலும் சரி, டவுன் அடுக்குமாடி வீடானாலும் சரி, பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான். "அப்பா, இந்தத் தடவை எங்கே கூட்டிக்கொண்டு போகிறீர்கள்?" பினாங்குக் கடற்கரை, கேமரன் மலை, பத்துமலை என்று நாமும் வழக்கமான பட்டியலை ஒப்பிப்போம். இம்முறை வேறோர் ஊரின் பெயரைச் சொல்கிறேன். அங்கே பேரங்காடி கிடையாது, ராட்டினம் கிடையாது. கெடா மாநிலத்தில், ஜெராய் மலையின் அடிவாரத்தில் இருக்கும் சின்னஞ்சிறு ஊர் அது. பெயர் மெர்போக்.

பொங்கல் விழாவோ இலக்கிய விழாவோ, மேடையேறும் பேச்சாளர் "கடாரம் கொண்டான்" என்று குரலை உயர்த்தினால் கைதட்டல் கூரையைப் பிளக்கும். கைதட்டுகிறவர்களை நிறுத்தி, "ஐயா, அந்தக் கடாரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள். அது நாம் பால் வெட்டிய மண்ணுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. காலையில் புறப்பட்டால் மாலைக்குள் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்த இதழில் இதை எழுதுகிறேன்.

போகும் வழி

முதலில் சுங்கைப் பட்டாணிக்கு வந்து சேருங்கள். நெடுஞ்சாலை வழியாகவும் வரலாம், ரயிலிலும் வரலாம். அங்கிருந்து வடக்கே பீடோங். பீடோங்கிலிருந்து மேற்கே திரும்பினால் செமிலிங், அதையும் தாண்டினால் மெர்போக். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் செலவு தலைக்குக் கொஞ்சம்தான் வரும். புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர், குடை, பிள்ளைகளுக்குத் தொப்பி, காலுக்கு மூடிய சப்பாத்து, இவ்வளவும் வேண்டும். பார்க்கும் நேரத்தை முன்கூட்டியே தொலைபேசியில் விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

பீடோங்கைத் தாண்டியதும் பிள்ளைகளை வலப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்துக்கு ஜெராய் மலை எழுந்து நிற்கும். அக்கம்பக்கத்தில் அதற்கு இணையான மலை கிடையாது. கலங்கரை விளக்கமும் வரைபடமும் இல்லாத காலத்தில், வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிக்குக் கரை தெரிவதற்கு முன்னே தெரிந்தது இந்த மலைதான்.

வீட்டில் உலகப் படம் இருந்தால் புறப்படுவதற்கு முதல் நாள் அதை விரித்துக் காட்டுங்கள். இலங்கையின் தென்முனையும் கெடாக் கரையும் ஏறத்தாழ ஒரே அகலாங்கில் இருப்பது தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பாய் விரித்தால் கப்பலைக் காற்றே கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். பிறகு வடகிழக்குக் காற்று திரும்பும்போது அதே கப்பல் ஊர் திரும்பும். காற்று மாறும்வரை மாலுமிகளும் வணிகர்களும் இங்கே தங்கித்தான் ஆகவேண்டும். தங்குகிறவனுக்குச் சோறு வேண்டும், சரக்கு வைக்கக் கொட்டகை வேண்டும், கும்பிடக் கோயில் வேண்டும். ஒரு துறைமுகம் ஊராக வளரும் கதை இதுதான்.

செம்பனைக்குக் கீழே ஓர் உலைக்களம்

செமிலிங்குக்கும் மெர்போக்குக்கும் இடையே சுங்கை பத்து என்ற இடம் வரும். செம்பனைத் தோட்டமாகக் கிடந்த நிலம் அது. 2009-ஆம் ஆண்டு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழுவினர் அங்கே அகழ்வாய்வைத் தொடங்கினார்கள். மரத்தின் வேருக்கும் தொழிலாளர் நடந்த தடத்துக்கும் கீழே அவர்கள் கண்டது பொன்னும் மணியும் அல்ல, இரும்பு உருக்கிய உலைகள். இரும்புக் கசடு மேடு மேடாகக் கிடந்தது. உலைக்குள் காற்றை ஊதப் பயன்பட்ட சுட்ட களிமண் குழாய்கள் ஏராளமாகக் கிடைத்தன. ஆற்றங்கரையில் படகு கட்டிய துறைகளும், செங்கல் கட்டடங்களின் அடித்தளங்களும் தென்பட்டன. கீழே வட்டமும் மேலே சதுரமுமாக அமைந்த செங்கல் வழிபாட்டுமேடை ஒன்றையும் அங்கே காணலாம்.

அந்த உலைகள் எப்படி வேலை செய்தன என்று பிள்ளைகளுக்கு எளிமையாகச் சொல்லலாம். இரும்புத் தாதுக் கல்லை உடைத்து, மரக்கரியோடு சேர்த்துக் களிமண் உலையில் இடுவார்கள். குழாய் வழியாகத் துருத்தியால் காற்றை ஊத ஊத நெருப்பின் சூடு ஏறும். தாதுவில் உள்ள அழுக்கு உருகி வழியும், இரும்பு தங்கும். வழிந்த அழுக்குத்தான் இன்று மேடாகக் கிடக்கும் கசடு. இந்த வேலை எவ்வளவு பழமையானது என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டு முந்தியது என்று அகழ்ந்தவர்கள் சொல்கிறார்கள். அவ்வளவு முந்தியதல்ல என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். மறுப்பவர்கள் சொல்வதை ஏற்றாலும் அது நம் பாட்டன் பூட்டன் காலத்துக்கு வெகு முந்திய தொழிற்சாலைதான்.

ஒன்றை நினைத்துப் பாருங்கள். மேலே ஒருவன் இரும்பு அரிவாளால் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருக்கிறான். அவன் காலுக்குக் கீழே, இரும்பை உருக்கியவனின் உலை சாம்பலோடு கிடக்கிறது. இருவருமே கைத்தொழிலாளிகள். இருவர் பெயரும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

உளி செதுக்கிய மலை

மெர்போக் கம்பத்திலிருந்து மலைப்பக்கமாக ஏறினால் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம் வரும். 1980-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அது இருக்கும் குன்றின் பெயர் புக்கிட் பத்து பஹாட். பஹாட் என்றால் மலாய் மொழியில் உளி. உளி செதுக்கிய கல் கிடக்கும் குன்று என்று பெயரே சொல்லிவிடுகிறது. கோயில் இடிந்து காடு மூடிய பிறகும் ஊர்ப்பெயர் செய்தியைக் காப்பாற்றி வைத்திருந்தது. ஊர்ப்பெயர்களை லேசாக நினைக்காதீர்கள்.

இந்தக் குன்றில் இருப்பதுதான் எட்டாம் எண் சண்டி. சண்டி என்றால் பழங்காலக் கோயில் என்று இங்கே பொருள். 1936, 37-ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவி டோரதியும் இந்தப் பள்ளத்தாக்கில் முப்பது இடங்களைத் தேடி ஆராய்ந்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். 1959, 60-ஆம் ஆண்டுகளில் அலஸ்டர் லாம்ப் என்ற அறிஞரின் மேற்பார்வையில் எட்டாம் எண் சண்டி, கிடந்த இடத்திலேயே மீண்டும் எடுத்துக் கட்டப்பட்டது. அப்போது அதன் அடித்தளத்தில் பூசைப் பொருள்கள் வைத்த சிறு கற்பேழைகள் கிடைத்தன. நம் ஊரில் கோயில் கட்டும்போது கருவறைக்கு அடியில் பொருள் வைத்துப் பூசை செய்கிறோமே, அது போன்ற வழக்கம்.

அதன் அமைப்பைப் பொறுமையாகப் பாருங்கள். ஒரு பக்கம் கருவறை நின்ற உயரமான மேடை. அதற்கு முன்னே மண்டபம். மண்டபத்தில் தூண் நிறுத்திய கல் இருக்கைகள் வரிசையாக இருக்கும், தூண்கள் இருக்காது. ஏனென்றால் தூணும் கூரையும் மரத்தால் ஆனவை. மழையும் கரையானும் அவற்றைக் கொண்டுபோய்விட்டன. திட்டம் இந்தியக் கோயிலின் திட்டம். மரக்கூரை இந்த நாட்டு வீட்டின் கூரை. இரண்டு நாட்டுக் கைகளும் அந்தக் கல்மேடையில் கலந்திருக்கின்றன.

பெண்டியாட், பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் ஆகிய இடங்களில் இருந்த சண்டிகளையும் அருங்காட்சியக வளாகத்துக்குக் கொண்டுவந்து கட்டி வைத்திருக்கிறார்கள். பெங்காலான் என்றால் படகுத்துறை. அந்தத் துறையில் சீனத்துப் பீங்கான் ஓடுகளும், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும், மணிகளும் கிடைத்தன. உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் சிவ வழிபாட்டுக்குரிய பொருள்களும் இருக்கும், புத்த மதத்துக்குரியவையும் இருக்கும். ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு சமயமும் வாழ்ந்திருக்கின்றன.

ஒரு வேண்டுகோள். சண்டியின் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். பக்தி மிகுதியால் கற்பூரம் கொளுத்துவதும் குங்குமம் பூசுவதும் வேண்டாம். ஆயிரம் ஆண்டு மழையைத் தாங்கிய கல்லுக்கு நம் எண்ணெயும் புகையும் நல்லதல்ல. கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதே இங்கே மரியாதை.

ஏட்டில் இருப்பவை

கடல் கடந்த உறவுக்குச் சான்றுகள் என்ன என்று பெரிய பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

பத்துப்பாட்டில் ஒன்றான பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தின் தெருக்களில் வந்து குவிந்த பொருள்களில் காழகத்திலிருந்து வந்ததையும் சேர்த்துச் சொல்கிறது. காழகம் என்றால் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். 1834-ஆம் ஆண்டு ஜேம்ஸ் லோ என்பவர் செபராங் பிறைப் பகுதியில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். ஐந்தாம் நூற்றாண்டளவில் புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவன், பயணம் நலமாக முடிய வேண்டிப் பொறித்த வடமொழிக் கல்வெட்டு அது. ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி யீ சிங் இந்தியாவுக்குப் போகும் வழியில் கெடாவில் இறங்கிக் கப்பல் மாறியதை எழுதி வைத்திருக்கிறார்.

பிறகு சோழர் காலம். 1025-ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திரன் கடற்படையை அனுப்பிக் கடாரத்து மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை வென்றதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறுகிறது. மேடையில் கைதட்டல் வாங்குவது இந்தச் செய்திதான். இதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுக்கு முன் நடந்ததை மேடையில் யாரும் சொல்வதில்லை. கடாரத்து மன்னன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்டத் தொடங்கினான். அவன் மகன் அதை முடித்தான். சைவனான இராசராச சோழன் அந்தப் புத்தர் கோயிலுக்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தின் வருவாயைக் கொடுத்தான். ஹாலந்து நாட்டுக்குப் போனதால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்ற பட்டயங்களில் இது எழுதியிருக்கிறது. போர் ஒரு பருவத்தில் நடந்தது. வாணிபமும் நட்பும் பல நூற்றாண்டு நடந்தன. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் கோயில்களை இராசேந்திரன் வந்து கட்டவில்லை. அவனுக்கு முன்பே இங்கே செங்கல் அடுக்கியவர்கள் உண்டு. வேல்ஸ் காலத்தில் இதை இந்தியக் குடியேற்றம் என்று எழுதினார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சொல்லை விட்டுவிட்டார்கள். இந்த மண்ணின் மக்களே துறைமுகம் நடத்தி, வந்தவர்களோடு பழகி, தங்களுக்குப் பிடித்த சமயத்தையும் கட்டடக்கலையையும் எடுத்துக்கொண்டு வளர்த்தார்கள் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து.

"இது முழுக்க எங்களுடையது" என்று நாம் ஒரு பக்கம் இழுக்க, "உங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை" என்று வேறொருவர் மறுபக்கம் இழுத்தால், நடுவில் உடைவது கல்தான். பங்கு இருக்கிறது என்று சொல்வோம். முழு உரிமை கொண்டாட வேண்டாம்.

பதினோராம் எண்

உடைவது என்றேனே, அது வெறும் பேச்சல்ல. வேல்ஸ் எண் கொடுத்த சண்டிகளில் பதினோராம் எண் சுங்கை பத்துப் பகுதியில் இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. 2013-ஆம் ஆண்டின் இறுதியில், வீட்டு மனைகளுக்காக நிலத்தைச் சமன் செய்தபோது அது இடித்துத் தள்ளப்பட்டிருந்தது வெளியே தெரிந்தது. நிலம் தனியாருக்குச் சொந்தம். சண்டியோ பாதுகாக்கப்பட்ட இடமாகப் பதிவாகவில்லை. பத்திரிகைகள் எழுதின, மக்கள் குரல் கொடுத்தார்கள், அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். எல்லாம் நடந்தது, சண்டி திரும்பி வரவில்லை. காட்டுக்கும் மழைக்கும் ஆயிரம் ஆண்டு தாக்குப் பிடித்தது, மண்வாரி இயந்திரத்துக்கு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

தோட்டத்து வாசகர்களுக்கு இந்த வலியை நான் விளக்க வேண்டியதில்லை. தோட்டம் கைமாறி, லயம் காலியாகி, பாட்டன் நட்டுவைத்த மாரியம்மன் கோயிலும் பழைய பள்ளிக்கூடமும் போன இடம் தெரியாமல் போன கதை உங்களில் பலருக்குத் தெரியும். எழுத்தில் இல்லாத உரிமையும் பதிவில் இல்லாத சரித்திரமும் இயந்திரத்தின் முன்னே நிற்காது.

ஆகவே ஒன்றை மனத்தில் வையுங்கள். 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, பழமை வாய்ந்ததாகத் தோன்றும் பொருளைக் கண்டெடுப்பவர் அதை உடனே மரபுடைமை ஆணையருக்கோ அந்த மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். வேலைக்காட்டில் வாய்க்கால் வெட்டும்போதோ, கன்று நடக் குழி தோண்டும்போதோ செதுக்கிய கல்லோ பழைய செங்கல் வரிசையோ தட்டுப்பட்டால், தோண்டுவதை நிறுத்துங்கள். பொருளை அசைக்காமல் கைப்பேசியில் படம் எடுங்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு மண்டோருக்கும் சொல்லுங்கள், மாவட்ட அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். வீட்டுக்கு எடுத்துவந்து அலமாரியில் வைக்காதீர்கள். இடத்தை விட்டு எடுத்த கல் பாதி ஊமை.

பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

இந்தப் பயணத்தில் எப்படியும் ஒரு கேள்வி வரும். "நாமும் அந்தக் காலத்திலேயே வந்தவர்களா?" பள்ளிக்கூடத்திலோ விளையாட்டுத் திடலிலோ எவனோ ஒருவன் "நீங்கள் ரப்பர் வெட்ட வந்தவர்கள்தானே" என்று சொல்லியிருப்பான். அந்த முள் பிள்ளையின் மனத்தில் இருக்கும். பதிலுக்கு "நாம் சோழ வீரர்களின் வாரிசு" என்று சொல்லிவிடத் தோன்றும். சொல்லாதீர்கள். பொய்யில் எழுப்பிய பெருமை அடுத்த கேள்வியிலேயே சரிந்துவிடும்.

உள்ளதைச் சொல்லுங்கள். நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியிலும் வந்தவர்கள். முதலில் ஒப்பந்தக் கூலி முறை. அது 1910-இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறையில் ஆள் அனுப்புவதை 1938-இல் இந்திய அரசாங்கம் நிறுத்தியது. அவர்களில் ஏராளமானவர்கள் கப்பலேறிய துறை எது தெரியுமா? அதே நாகப்பட்டினம். கடாரத்து மன்னன் விகாரம் எழுப்பிய ஊரிலிருந்து, தகரப் பெட்டியோடு கடாரத்தின் கரைக்கு நம் தாத்தா வந்தார். பழைய வணிகன் வந்த அதே கடல்வழி. அவன் லாபம் தேடி வந்தான். நம் தாத்தா பசிக்கு வந்தார். காட்டை அழித்துத் தோட்டமாக்கியதும், ரயில் பாதை போட்டதும், சாலை வெட்டியதும் அந்தக் கைகள். "ரப்பர் வெட்ட வந்தவர்கள்" என்று சொன்னால், "ஆமாம், வெட்டினோம், இந்த நாடு அதில்தான் வளர்ந்தது" என்று தலை நிமிர்ந்து சொல்லப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள்.

விடுமுறைப் பாடம்

வாத்தியார் எழுதினால் வீட்டுப்பாடம் இல்லாமல் முடியுமா? மூன்று வேலை தருகிறேன்.

ஒன்று: சண்டியின் அடித்தளத்தைப் பிள்ளைகள் ஒரு தாளில் வரையட்டும். கருவறை எது, மண்டபம் எது, வாசல் எந்தத் திசை என்று குறிக்கட்டும்.

இரண்டு: அருங்காட்சியகத்தில் பார்த்த பொருள்களில் மூன்றைத் தேர்ந்து, எந்த நாட்டிலிருந்து எப்படி வந்திருக்கும் என்று எழுதட்டும்.

மூன்று: வீட்டுக்கு வந்ததும் பாட்டியையோ தாத்தாவையோ உட்கார வைத்து, எந்த ஊர், எந்தத் துறை, முதலில் எந்தத் தோட்டம் என்று கேட்டு எழுதட்டும். அவர்கள் இல்லையென்றால் அண்டை வீட்டுப் பெரியவரைக் கேட்கட்டும். இந்த மூன்றாவதைத் தள்ளிப்போட வேண்டாம். கல்லாவது காத்திருக்கும், மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

போய்வந்தவர்கள் நான்கு வரி எழுதி அனுப்புங்கள். பிள்ளைகள் வரைந்த படத்தையும் சேர்த்து அனுப்பினால் மகிழ்ச்சி. அடுத்த இதழில் சந்திப்போம்.